சின்சே "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் நன்றாகத் தெரியும். முன்னால் பேலட்டில் ஆளுயரத்துக்குச் சரக்கு அடுக்கியிருப்பார்கள், பாதை மறைந்துவிடும். அதனால் பாதி நேரம் பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும். இடது கை ஸ்டியரிங்கில் இருக்கும், கழுத்து வலது தோளுக்கு மேல் திரும்பியிருக்கும். சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கில் 14 வருடம் இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்ததில், ஒரு நாள் காலை பல் துலக்கும்போது கழுத்து திரும்ப மாட்டேன் என்று நின்றுவிட்டது. சுளுக்குதான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆகியும் வலது தோளின் மேல்விளிம்பு கருங்கல் மாதிரிதான் இருந்தது.

முதலில் போனது பலதுறை மருந்தகத்துக்கு. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பலரும் இந்தப் படியைத் தாண்டி நேராகச் சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், கப் வைக்கப் போய்விடுகிறார்கள். தோலில் குடுவையைக் கவிழ்த்து உறிஞ்ச வைக்கும் வைத்தியம்தான் கப். டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகள் எளிமையானவை. கை மரத்துப்போகிறதா? விரலில் பலம் குறைந்து சாமான் நழுவுகிறதா? காய்ச்சல் உண்டா? காரணமில்லாமல் எடை இறங்கியதா? எதுவும் இல்லை என்றேன். அழுத்திப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், தசை இறுக்கம் என்றார். மாத்திரை கொடுத்து, உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் எழுதித் தந்தார். அந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது நான் ஆமாம் என்றிருந்தால் விஷயம் நரம்பு, முதுகெலும்பு என்று வேறு திசையில் போயிருக்கும். அப்புறம் இன்னொன்று. தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் எல்லாம் சேர்ந்து வந்தால் அது எந்தச் சிகிச்சை நிலையத்துக்கும் நடந்து போகிற நேரமில்லை. இங்கே சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995.

மாத்திரை போட்டால் வலி அடங்கும், அதன் வேகம் தீர்ந்ததும் திரும்ப வரும். உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு நாள் கிடைக்கச் சில வாரம் ஆகும் என்றார்கள். அந்த இடைவெளியில்தான், உடை மாற்றும் அறையில், எங்கள் கிடங்கின் மூத்த ஓட்டுநரான சீன அங்கிள் சட்டையைக் கழற்றினார். முதுகு முழுக்க வட்ட வட்டமாக, கிண்ணத்தின் வாய் அளவுக்குக் கருஞ்சிவப்புத் தழும்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "பா குவான்" என்றார். நீயும் போ, தோள் இளகும் என்றார்.

பா குவான் என்றால் 'குடுவையைப் பிடுங்குவது' என்கிற மாதிரி அர்த்தம். நெருப்பு காட்டி வைப்பதால் ஹுவோ குவான், 'தீக்குடுவை', என்றும் சொல்வார்கள். மலாய்க்காரப் பக்கத்து வீட்டுக்காரர் இதே மாதிரி ஒன்றை 'பெக்காம்' என்கிறார். அதில் பெரும்பாலும் தோலை லேசாகக் கீறி இரத்தமும் எடுப்பார்கள். சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை என்று சொல்வதில் 'உறிஞ்சல்' என்று ஒன்று இருக்கிறது. ஆக, நாம் கேள்வியே படாத வித்தை ஒன்றும் இல்லை. சீனர்களிடம் இது மிகப் பழையது. ஹூனான் மாநிலத்தில் மாவாங்துய் என்ற இடத்தில் 1973-ல் ஒரு கல்லறையைத் தோண்டியபோது கிடைத்த பட்டுச் சுவடிகளில் மிருகக் கொம்பை வைத்து உறிஞ்சும் முறை குறிப்பிடப்பட்டிருக்கிறது. கல்லறையை மூடியது கி.மு. 168. அதில் எந்த நோய்க்குக் கொம்பு வைத்தார்கள் தெரியுமா? மூலத்துக்கு. அங்கிளிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

சீன வைத்தியர் என்னைப் போன்றவனைப் பார்ப்பாரா என்ற தயக்கமும் எனக்கு இருந்தது. அங்கிள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். தோங் சாய் என்று 1867-ல் தொடங்கிய தரும வைத்தியசாலை, இனம் மதம் பார்க்காமல் இலவசமாக வைத்தியம் பார்த்தே பெயர் வாங்கியது. அவருடைய அம்மா சின்ன வயதில் அவரை அங்கே தூக்கிக்கொண்டு போனாராம், பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாட்டி உட்கார்ந்திருந்தாராம்.

நான் போனது அரசு அடுக்குமாடி வீடுகள் உள்ள ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த சின்ன நிலையம். மருந்தறைக்குள் நுழைந்ததுமே நாட்டு மருந்துக் கடை வாசனைதான். அதிமதுரம், பட்டை, இன்னும் பெயர் தெரியாத ஏதோ வேர். சுவரில் சின்சேயின் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. சீன வைத்தியரை இங்கே எல்லா இனத்தாரும் சின்சே என்றுதான் கூப்பிடுவோம். 2000-ல் வந்த சட்டப்படி சின்சேக்கள் ஒரு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாரியத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டால் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. பிறகு ஒரு பாடு பட்டதற்கு அப்புறம்தான் அந்தப் புத்தி வந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

சின்சேக்கு அறுபது வயதிருக்கும். நேராகக் கப்பை எடுத்துக்கொண்டு வருவார் என்று நினைத்திருந்தேன். அரைமணி நேரம் கேள்விதான் கேட்டார். எப்படித் தூங்குகிறாய், வியர்க்கிறதா, மலச்சிக்கல் உண்டா, குளிர்ந்த தண்ணீர் குடிப்பாயா, ஏர்கான் எந்தப் பக்கத்திலிருந்து முதுகில் அடிக்கிறது? நாக்கை நீட்டச் சொல்லி ஓரம் வரைக்கும் பார்த்தார். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, முதலில் ஒரு கை, அப்புறம் மறு கை, கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்த்தார். என்ன மருந்து சாப்பிடுகிறாய், சர்க்கரை உண்டா, அடிபட்டால் இரத்தம் நிற்க நேரமாகுமா, தோலில் படை இருக்கிறதா என்று வேறு ஒரு தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டார். என் கழுத்துக்குக் காற்றும் குளிரும் ஏறி ஓட்டம் தேங்கிவிட்டது என்பது அவர் கணக்கு. சீனத்தில் ஒரு சொலவடை சொன்னார். ஓட்டத்துக்கும் வலிக்கும் அவர்கள் மொழியில் ஏறக்குறைய ஒரே ஒலி, 'தோங்', இழுப்பில் மட்டும்தான் வித்தியாசம். ஓட்டம் இருந்தால் வலி இல்லை, வலி இருந்தால் ஓட்டம் இல்லை. என் காதுக்கு இரண்டு பாதியும் ஒன்றாகவே கேட்டது. அவர் மூன்று முறை சொல்லிக் காட்டிவிட்டுக் கைவிட்டார்.

எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன், ஒன்றைத் தவிர. கடைசியில் எழுந்து நிற்கும்போது, மலாயில், "சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். இந்த ஊரில் அது வணக்கம் சொல்வது மாதிரி. சீனர், மலாய்க்காரர், நாம் எல்லாருமே கண்டால் கேட்பதுதான், யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் குடித்த மைலோதான் வயிற்றில் இருந்தது. வழக்கம்போல, "சுடா, சுடா" என்றுவிட்டேன். ஆச்சு, ஆச்சு.

சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுக்க வேண்டும். முகம் வைக்கக் கட்டிலில் ஓர் ஓட்டை இருக்கும். அதன் வழியாகத் தெரிந்தது தரையும் சின்சேயின் நீலச் செருப்பும்தான். பெண்களுக்கு முதுகு மட்டும் தெரியும்படி துண்டு போர்த்துகிறார்கள், பெண் சின்சே வேண்டும் என்றும் கேட்கலாம். என் மனைவி பின்னால் ஒரு முறை போனபோது அப்படித்தான் கேட்டாள், யாரும் முகம் சுளிக்கவில்லை.

முதலில் எண்ணெய் தடவினார். அப்புறம் பின்னால் கண்ணாடிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம், லைட்டர் சத்தம், ஸ்பிரிட் வாசனை. முதுகைச் சுடப் போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சூடே இல்லை. ஒரு வெதுவெதுப்பு பட்ட அடுத்த நொடி, தோலை யாரோ கொத்தாக அள்ளிப் பிடித்து மேலே இழுப்பது போல் இருந்தது. கழுத்துக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் ஒன்று, தோளுக்கு ஒன்றாக இரண்டு, முதுகுத்தண்டின் இரு பக்கமும் மூன்று மூன்று. மொத்தம் ஒன்பது. அந்த ஒன்றைத் தவிர மற்றதை எலும்பின் மேல் வைப்பதில்லை, சதையில்தான் நன்றாகப் பிடிக்கும்.

இது எப்படிப் பிடிக்கிறது என்று எனக்கு விளங்கியது வீட்டுச் சமையலறையில்தான். கொதிக்கிற ரசத்தை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி உடனே இறுக மூடி வைத்துப் பாருங்கள். ஆறியதும் மூடி திறக்கவே வராது. உள்ளே சூடாகி விரிந்திருந்த காற்று ஆறிச் சுருங்குகிறது, வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கண்ணாடிக் குடுவையிலும் அதே கதைதான். நெருப்பை உள்ளே காட்டி வெளியே எடுத்துவிட்டு உடனே தோலில் கவிழ்க்கிறார்கள். உள்ளே காற்று சுருங்க, தோல் மேலே எழும்புகிறது. கப் வைத்திருக்கும்போது நெருப்பு உள்ளே எரிந்துகொண்டிருப்பதில்லை. இது தெரிந்திருந்தால் அன்றைக்குப் பல்லைக் கடித்திருக்க மாட்டேன்.

வலி எப்படி என்று எல்லாரும் கேட்கிறார்கள். வலி என்று சொல்ல முடியாது, இறுக்கம். முதல் இரண்டு நிமிடம் தோளில் வைத்ததுதான் பாடாய்ப் படுத்தியது. பிறகு அந்த இடம் கனமாகி, சூடாகி, ஒரு கட்டத்தில் தூக்கம் வந்துவிட்டது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் பக்கத்துப் பக்கத்துக் குடுவைகள் லேசாக இடித்துக் கிணுகிணுத்தன. பத்து நிமிடத்துக்கு மணி வைத்திருந்தார். நடுவில் இரண்டு முறை வந்து, "ஓகே? அதிகமா இழுக்குதா?" என்று கேட்டார். தோளில் இருந்ததை எடுத்துவிட்டுக் கொஞ்சம் லேசாகத் திரும்ப வைத்தார். அப்படிக் கேட்டு மாற்றலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பிடிப்பு தாங்க முடியாமல் இருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், பொறுத்துக்கொண்டு கிடப்பதில் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை.

எடுக்கும்போது இழுத்துப் பிடுங்குவதில்லை. குடுவையின் விளிம்பு ஓரம் தோலை விரலால் அமுக்கினால் காற்று உள்ளே போகும், 'புஸ்' என்று தானாக விடும். ஒன்பது புஸ். "மெல்ல எழுந்து உட்கார்" என்றார். மெல்லவே எழுந்தேன். அறை ஒரு சுற்று சுற்றியது. காது அடைத்தது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை. சின்சே என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே மறுபடி படுக்க வைத்துக் காலைத் தூக்கித் தலையணை வைத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரை கரைத்துக் கொடுத்தார். அப்புறம் ஆங்கிலத்தில், இப்போது வணக்கமாக இல்லாமல், நிதானமாக ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: கடைசியாக எப்போது சாப்பிட்டாய்? உண்மையைச் சொன்னேன். அவர் திட்டியது சீனத்தில், அதனால் இங்கே எழுத முடியவில்லை. கப்பினால் மயக்கம் வருவதற்குச் சீனத்தில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்களாம். பசியோடு, தூக்கமில்லாமல், களைத்துப்போய் வருகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்தாலும் சங்கடம்தான். ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் லேசாகச் சாப்பிட்டிருந்தால் போதும். மது குடித்திருந்தால் அன்றைக்குப் போகவே போகாதீர்கள்.

செலவு அன்று 48 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, நான்கு மணி நேரம் குளிக்காதே, ஏர்கான் காற்று நேராக முதுகில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். இந்த ஊர்ப் புழுக்கத்தில் நான்கு மணி நேரம் குளிக்காமல் இருப்பது கப்பைவிடப் பெரிய சோதனை. துளைகள் திறந்திருக்கின்றன, காற்று ஏறிவிடும் என்பது அவர்கள் விளக்கம். அது எப்படியோ, அந்த நேரம் தோல் புண்பட்ட மாதிரி மென்மையாக இருப்பது நிஜம். சுடுதண்ணீர் ஊற்றினால் எரியும், தலை வேறு இன்னும் சுற்றலாம். நான் குளிக்கவில்லை, ஆனால் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். வீட்டுக்குப் போனதும் பழக்கதோஷத்தில் தோளில் தலைவலித் தைலத்தைத் தேய்த்துவிட்டேன். அடுத்த இருபது நிமிடம் ஃபேனுக்குக் கீழே நடனம்தான்.

சட்டையைக் கழற்றியதும் மனைவி பேசவில்லை, கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதுகு குழிப்பணியாரக் கல்லைக் கவிழ்த்து அச்செடுத்த மாதிரி இருந்ததாம். தோளில் இருந்த இரண்டும் நாவற்பழ நிறம், கீழே போகப் போக வெளிறிய ரோஜா. எவ்வளவு கறுப்போ அவ்வளவு தேக்கம் என்று சின்சே சொன்னார். உடம்பில் இருந்த நஞ்சு வெளியே வருகிறது என்று அங்கிள் சொன்னார். நஞ்சு என்பதை நான் நம்பவில்லை. உறிஞ்சும்போது தோலுக்கடியில் இருக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் உடைந்து கொஞ்சம் இரத்தம் கசிகிறது, அதுதான் நிறம். மேசையில் இடித்துக்கொண்டால் வரும் கன்றலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எவ்வளவு பலமாக இழுத்தது, எவ்வளவு நேரம் வைத்திருந்தது என்பதைப் பொறுத்தும் நிறம் மாறும். ஆகவே அதிகக் கறுப்பு வர வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்வதில் அர்த்தமில்லை. என் வட்டங்கள் ஊதாவிலிருந்து பழுப்பு, பழுப்பிலிருந்து மஞ்சள் என்று மாறி ஒன்பதாம் நாள் மறைந்தன. சிலருக்கு இரண்டு வாரம் வரை இருக்கும். கல்யாணம், நீச்சல்குளம், வேலைக்கான மருத்துவப் பரிசோதனை என்று ஏதாவது இருந்தால் நாள் பார்த்துப் போங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் இதே வட்டங்களோடு நீந்தியதை உலகமே பார்த்தது. அவருக்குப் பதக்கம் கிடைத்தது, எனக்குப் பேருந்தில் பின்னால் நின்ற பெண்மணியின் பரிதாபப் பார்வை கிடைத்தது.

பலன்? அன்று மாலையே கழுத்து பாதி திரும்பியது. மறுநாள் தோள் அடித்துப்போட்டது மாதிரி வலித்தது, அதற்கடுத்த நான்கைந்து நாள் ரொம்ப லேசாக இருந்தது. பிறகு பழையபடி மெல்ல இறுகத் தொடங்கியது. இரண்டு மாதத்தில் ஆறு முறை போனேன். சொல்லி வைத்தாற்போல் ஒவ்வொரு முறையும் இதே வரிசைதான். கழுத்து வலி, இடுப்பு வலிக்குக் கொஞ்ச நாள் ஆறுதல் கிடைக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு, ஆனால் பெரும்பாலும் சிறியவை, பலமானவை இல்லை. மாத்திரையை ஆராய்வது என்றால் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். முதுகில் கப் வைத்ததா இல்லையா என்பதை முதுகுக்குச் சொந்தக்காரனிடம் எப்படி மறைப்பது? அதனால் எனக்குக் கிடைத்த ஆறுதலில் எவ்வளவு கப்பினால், எவ்வளவு பத்து நிமிடம் அசையாமல் படுத்ததால், எவ்வளவு அந்த மனிதர் அரைமணி நேரம் காது கொடுத்துக் கேட்டதால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நிலையான மாற்றம் வந்தது உடற்பயிற்சிச் சிகிச்சையில் சொல்லிக்கொடுத்த மூன்று பயிற்சிகளாலும், திரும்பும்போது கழுத்தை மட்டும் முறுக்காமல் இடுப்போடு சேர்ந்து திரும்பப் பழகியதாலும்தான். கப் வைத்த அந்த நாலு நாள் இளக்கத்தில் பயிற்சி செய்வது சுலபமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு எல்லாம் இதில் குணமாகும் என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஒரு முறை நகரும் கப் வைத்தார். எண்ணெயைத் தாராளமாகத் தடவி, ஒரு குடுவையைப் பிடிக்க வைத்து, அப்படியே முதுகில் மேலும் கீழும் இழுப்பது. சாதாரணக் கப் தூக்கம் வரவைக்கும் என்றேன் அல்லவா, இது தூங்கினவனை எழுப்பும். முதுகு முழுக்கச் சிவந்த பட்டைகள் வந்தன. பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, நான் மறுபடி கேட்கவும் இல்லை. ஊசியால் குத்தி இரத்தம் எடுக்கும் வகையையும் ஒரு நாள் சொன்னார். அதற்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி, கிருமி நீக்கிய குடுவை, கையுறை எல்லாம் கட்டாயம். எனக்குத் தைரியம் வரவில்லை, வேண்டாம் என்றதும் அவரும் வற்புறுத்தவில்லை.

இப்போது அந்தப் பாடு. ஏழாவது முறை சின்சே ஊரில் இல்லை. கூட வேலை செய்யும் தம்பி ஒருவன், கடைத்தொகுதியில் இருக்கும் ஒரு மசாஜ் நிலையத்தின் தள்ளுபடிச் சீட்டைக் கொடுத்தான். மசாஜோடு கப் இலவசம். போனேன். கேள்வி ஒன்றுமில்லை, நாடி இல்லை, நாக்கு இல்லை. எங்கே வலி என்று மட்டும் கேட்டார்கள். அங்கே நெருப்பு கிடையாது, பிளாஸ்டிக் கப்பை வைத்துத் துப்பாக்கி மாதிரி ஒரு பம்பால் காற்றை உறிஞ்சினார்கள். பம்பு முறை தவறில்லை, நெருப்பு பயம் இல்லாதது ஒருவகையில் நல்லதுதான். ஆனால் எவ்வளவு இழுப்பது என்பது பம்பு அடிக்கிறவர் கையில் இருக்கிறது. நான்கைந்து அடி பலமாக அடித்துவிட்டு அவர் இன்னொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார். சுவர்க் கடிகாரம் எனக்குத் தெரியாத பக்கம். தோள் இழுப்பு எரிச்சலாக மாறியது. கூப்பிட்டேன், "கமிங், கமிங்" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. ஆள் வந்தபோது 25 நிமிடம் தாண்டியிருந்தது. தோளில் இரண்டு கொப்புளம், ஒன்று ஐம்பது காசு நாணயம் அளவு, உள்ளே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. "நல்லது, ஈரம் வெளியே வந்துவிட்டது" என்றார் அந்த ஆள். நான் அப்போது இருந்த கோபத்துக்குப் பதில் சொல்லாமல் வந்ததே பெரிது.

அந்தக் கொப்புளத்தை உடைக்கவில்லை, அதைத்தான் அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தேன். ஆனால் ஃபோர்க்லிஃப்ட்டின் பெல்ட் தோளில் உரசி மறுநாளே அதுவாக உடைந்துவிட்டது. பலதுறை மருந்தகத்தில் தாதி சுத்தம் செய்து மருந்து வைத்துக் கட்டினார். மூன்று நாள் மருத்துவ விடுப்பு. காய்ச்சல் வந்தால், சீழ் கட்டினால், சுற்றியும் சிவந்து சூடாகப் பரவினால் உடனே திரும்பி வா என்றார். எனக்குச் சர்க்கரை இல்லாததால் பத்து நாளில் ஆறியது. இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாக ஆறியிருக்காது என்றும் அவர்தான் சொன்னார். அன்றைக்கு ராத்திரிதான் வாரியத்தின் பட்டியலைத் திறந்து, என் சின்சேயின் பெயரைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. மசாஜ் நிலையத்தில் யார் பெயரைத் தேடுவது? என் முதுகைத் தொட்டவர் பெயரே எனக்குத் தெரியாதே.

அதற்குப் பிறகு எங்கே போனாலும், படுப்பதற்கு முன் எத்தனை நிமிடம் என்று கேட்டுவிடுகிறேன். ஐந்திலிருந்து பதினைந்துக்குள் ஒரு பதில் வர வேண்டும். வைக்கும் நேரத்தில் அறையில் ஆள் இருப்பாரா என்று கேட்கிறேன். குடுவையை எப்படிக் கழுவிக் கிருமி நீக்குகிறீர்கள் என்று கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேட்கிறேன். பழைய வட்டம் மறையாத இடத்தில் மறுபடி வைக்க விடுவதில்லை.

போன டிசம்பரில் என் மாமியார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். என் முதுகைப் பற்றி மகள் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தவர், "மாப்பிள்ளை, எனக்கும் இடுப்பு பிடிச்சுக்கிட்டே இருக்கு. அந்தச் சீனக்காரர்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்" என்றார். 68 வயது. மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. மாத்திரை டப்பாவோடு வாங்க அத்தை என்று கூட்டிப்போனேன்.

சின்சே டப்பாவைத் திறந்து ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல். இரண்டும் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பவை. அட்டைகளைத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு, "இவருக்குக் கப் கிடையாது" என்றார். மற்றவர்களுக்குக் கன்றலாக நிற்பது இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பெரிய இரத்தக்கட்டாகிவிடலாம். கப்புக்காக மாத்திரையை நிறுத்தும் பேச்சே வேண்டாம், அது உயிரோடு விளையாடுவது என்று என்னிடம் இரண்டு முறை சொல்லி, அத்தைக்கு மொழிபெயர்க்கச் சொன்னார். கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் வைக்க மாட்டாராம். நரம்பு சுருண்டு புடைத்த கால், படை, புண் உள்ள தோல், காய்ச்சல், இரத்தம் உறையாத நோய் எல்லாம் அவர் பட்டியலில் உண்டு. அத்தைக்கு வெந்நீர் ஒத்தடமும் இடுப்புக்கு ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். கப்புக்குக் காசு வாங்கவில்லை, பார்த்ததற்கு மட்டும்தான்.

அத்தைக்கு ஏமாற்றம். இவ்வளவு தூரம் வந்தாச்சு, எப்படித்தான் வைக்கிறார் என்று பார்க்கவாவது செய்யலாமே என்றார். நான் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன். சின்சே இடுக்கியில் பஞ்சைப் பிடித்து ஸ்பிரிட்டில் நனைத்தார். புட்டியின் வாய் விளிம்பில் வைத்து அழுத்திப் பிழிந்தார், ஒரு சொட்டு கூடத் தொங்காதபடி. அந்தச் சொட்டுதான் தோலைச் சுடும், அதனால் பிழியாமல் பற்றவைக்கிறவரிடம் முதுகைக் கொடுக்காதே என்றார். நீலமாய் எரிந்த பஞ்சைக் குடுவைக்குள் விட்டு ஒரு சுழற்று, வெளியே எடுத்தார், 'டொப்'பென்று என் முழங்கைக்குக் கீழே கவிழ்த்தார். கண்ணாடிக்குள் தோல் பணியாரம் போல மெல்ல உப்பி, சிவந்து, மயிர்க்கால் ஒவ்வொன்றும் புள்ளியாகத் தெரிந்தது.

அத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இதுவா? எங்க ஆத்தா வாயுப் பிடிப்புக்கு வயித்துல திரியக் கொளுத்தி வச்சு டம்ளரக் கவுப்பாங்களே, அதுதானே மாப்பிள்ளை!" என்றார். நான் சின்சேக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் திரியையே உள்ளே விட்டு எரியவைப்பது ஆபத்து என்று கையை ஆட்டினார். பிறகு, எவ்வளவு பெரிய டம்ளர் என்று கேட்டார். அத்தை கையால் அளவு காட்டினார். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் என் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அந்த வட்டம் சிவப்பிலிருந்து ஊதாவாகிறதா என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் பார்த்துக்கொண்டே வந்தார்.